விரல் பட்ட இடம்

"எம்பையன் எழிலு கடைசியா எப்படி இருந்தான் தெரியுமுங்களா? கொழுகொழுன்னு இருந்தானுங்க. கால்ல கெடந்த தண்டை கழல மாட்டேன்னு போச்சு. சோப்புத் தண்ணி போட்டு உருவுனேனுங்க."

செத்துப்போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் இப்படிச் சிரித்த முகமாகப் பேசுவாளா என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. மாசாணியம்மாள் பேசுவாள். தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கப் போன இடமானாலும் சரி, மில் விடுதியில் பாத்திரம் துலக்கப் போன இடமானாலும் சரி, புதிதாக ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்தத் தண்டையில் வந்து நிற்கும். இல்லாத வீடுதான். ஆனால் பிள்ளை வதங்கிச் சாகவில்லை, நிறைந்த உடம்போடு போனான். அந்த ஒரு பெருமையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் எழுந்து நடமாடினாள்.

கயல்விழி இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். அண்ணனை அவள் பார்த்ததில்லை. அவன் போனபோது அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள்.

பெருமை முடிந்த கையோடு ஒரு வஞ்சமும் வரும். அது சின்னாத்தாள் மேல். சின்னாத்தாள் கயலின் அத்தை, அப்பாவுடைய தங்கை. எழில் இருந்தபோது ஒரு நாள் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாளாம். அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவது.

"என்னுங்க நங்கையா, பையன் இப்பிடி மொழுமொழுன்னு ஆயிட்டான்! பாதத்தைப் பாருங்க, பஞ்சாட்டம்!" என்று சொல்லி, பாதத்தை ஒரு விரலால் அமுக்கினாளாம்.

அமுக்கின இடம் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி எழவில்லை. மாசாணியம்மாள் தன் கண்ணால் பார்த்தாள். அந்த வாரத்திலேயே பிள்ளைக்கு வயிற்றால் போனது. போனவன் போனவன்தான்.

"அந்தக் குழி வழியாத்தான் அவ கண்ணு உள்ள போச்சுங்க" என்பாள். "புள்ளை இல்லாதவ. ஏங்கிப் பாத்துட்டா."

அதன் பிறகும் சின்னாத்தாளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதுவே சாட்சியாகிவிட்டது. அன்று சாத்தின கதவு சாத்தினதுதான். கயலின் அப்பா தங்கையைப் பார்க்கவேண்டுமென்றால் கிணத்துக்கடவு சந்தையில் பார்த்துவிட்டு வருவார். அவர் இறந்த அன்றைக்குக்கூட சின்னாத்தாள் வாசல் வேப்பமரத்தடியோடு நின்று அழுதுவிட்டுப் போனாள். உள்ளே யாரும் கூப்பிடவில்லை.

கயல் படித்தாள். விடாமல் படித்து, கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். என்ன ஆராய்ச்சி என்று ஊரில் கேட்டால் "பன்னி மேய்க்குதுங்க" என்று சிரிப்பார்கள். அவள் சண்டைக்குப் போகமாட்டாள்.

விஷயம் இதுதான். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு வந்தாலே ஏன் உயிர் போகிறது? ஒரே கஞ்சியைக் குடித்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று எலும்பாகிறது, இன்னொன்று வீங்குகிறது, அது ஏன்? தடுப்பூசி போட்டும் சில பிள்ளைகளுக்கு ஏன் பிடிப்பதில்லை? இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுப் பார்க்க முடியுமா? அதனால் பன்றிக்குட்டிகள். பன்றியின் குடல் நம் குடல் மாதிரியே வேலை செய்யும் என்கிறார்கள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, ஒரு பக்கத்துக் கொட்டிலில் நல்ல தீவனம், மறுபக்கத்தில் ஏழை வீட்டுச் சாப்பாடு. பிறகு இரண்டுக்கும் ஒரே நோயைக் கொடுத்துப் பார்ப்பது.

ஆரம்பத்தில் ஆராய்ச்சியை நடத்தும் ஷ்ரவ்யா மேடம் கேட்டார். "கயல், பால் மறந்த குழந்தைக்கு உங்க பக்கம் கூலி வேலை செய்யறவங்க வீட்ல என்ன கொடுப்பாங்க? புத்தகத்துல இருக்கறது வேண்டாம். நிஜமா என்ன கொடுத்தாங்களோ அது வேணும்."

கயல் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மாவுக்கு ஒரே குஷி, மகள் தன்னிடம் சந்தேகம் கேட்கிறாளே என்று.

"ரேசன் அரிசியில கஞ்சி காச்சி, தெளிவை எறுத்துக் குடுப்போம் கண்ணு. ஒரு கல்லு உப்பு. பொழுதோட கஞ்சியிலயே சித்தெ சோத்தை மசிச்சு ஊட்டுவோம். பருப்பு செரிக்காதுன்னு குடுக்கமாட்டோம். முட்டை மாந்தம். நீ வயித்துல தங்குனதும் எழிலுக்குப் பாலை நிறுத்திப்போட்டேன். புள்ளத்தாச்சி பாலைக் குடிச்சா புள்ளைக்கு ஆகாதல்ல? வேப்பெண்ணெயத் தடவுனேன். ஒரு நா அழுதான். அப்பறம் அழுகவே இல்ல, தங்கம். ஏங்கண்ணு, எதுக்குக் கேக்கற?"

"தீவனம் கலக்கறதுக்கும்மா."

"பன்னிக்கா? ஐயோ பாவம், அதுக்கு நல்லதாப் போடுங்க கண்ணு!"

அம்மா சொன்னபடியே ரேசன் அரிசிக் கஞ்சி தயாரானது. கயலே கரண்டி போட்டு ஊற்றினாள்.

சில வாரம் போயிற்று. கஞ்சிக் குட்டிகள் எல்லாம் முதுகெலும்பு தெரிய நின்றன. ஏழாம் எண் குட்டி மட்டும் ஒரு நாள் எடை கூடியிருந்தது. கூட ஆராய்ச்சி செய்யும் பிரவின்குமார் தராசை மறுபடி பார்த்தான்.

"கயல், உன் ஏழாம் நம்பர் யாருக்கும் தெரியாம காந்திபுரம் போய்ப் பரோட்டா தின்னுட்டு வருதுன்னு நெனைக்கறேன்."

கொட்டில் வேலை பார்க்கும் சுப்பையன் முகமெல்லாம் பல்லாகி நின்றார். "நான்தான் சொன்னேனுங்களே அம்மணி! இவன் கஞ்சியிலயே தேறிட்டான் பாருங்க. கன்னமெல்லாம் எப்பிடி உப்பியிருக்குது!"

கயலும் ஒரு நொடி சிரித்தாள். பிறகு குட்டியின் பின்னங்காலைப் பார்த்தாள். குனிந்து, குளம்புக்கு மேலே ஒரு விரலால் அமுக்கினாள். எடுத்தாள்.

குழி அப்படியே இருந்தது.

இதைப் பாடத்தில் எத்தனையோ தரம் படித்திருக்கிறாள். படம் பார்த்திருக்கிறாள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அதற்கும் அண்ணன் காலில் கழலாத தண்டைக்கும் அவள் மனம் ஒருநாளும் முடிச்சுப் போட்டதில்லை. வீட்டுப் பேச்சு வீட்டில், பாடம் பாடத்தில். அன்றைக்குத்தான் இரண்டும் ஒரே விரல் நுனியில் வந்து இடித்தன. அவள் வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தலை சுத்துதுங்களா அம்மணி?" என்று சுப்பையன் தண்ணீர் கொண்டுவந்தார்.

அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அத்தையின் மேல் கிடக்கும் பழி இறங்கும். ஆனால் அம்மாவுக்கு இருக்கிற ஒரே பெருமையைப் பிடுங்கி, அந்த இடத்தில் எதை வைப்பது? 'உன் பிள்ளை கொழுகொழுவென்று இல்லையம்மா, நீ ஊற்றின கஞ்சியில் வீங்கிச் செத்தான்' என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் அந்தப் பாலை நிறுத்த வைத்தவள் தானாக இருக்கும்போது. கயல் வாயை மூடிக்கொண்டாள். ஊருக்குப் போனபோது அம்மா தண்டைக் கதையை எடுத்தால், அவள் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள்.

அப்படியே போயிருக்கும். சின்னாத்தாளிடமிருந்து போன் வராமல் இருந்திருந்தால்.

"கண்ணு, அத்தை பேசறேன். பெரியாஸ்பத்திரியில சேத்தியிருக்கறாங்க. கிட்னி போயிருச்சாமா. இனி எத்தனை நாளைக்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் கண்ணு. நங்கையாளை ஒருக்கா பாக்கோணும்."

கயலுக்கு அத்தையோடு பெரிய பழக்கம் கிடையாது. கல்யாண வீடுகளிலும் பேருந்து நிறுத்தத்திலும் பார்ப்பதுதான். அத்தை வளையலோ முறுக்கோ எதையாவது கையில் திணிப்பாள். ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டாள். தரையைப் பார்த்தபடி கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விடுவாள். அம்மா மேல் இருக்கும் கோபம் என்றுதான் கயல் நினைத்திருந்தாள்.

நேராகக் கேட்டால் அம்மா வரமாட்டாள். "உங்களுக்குக் கண்ணு மங்கலாத் தெரியுதுன்னீங்களே, கோயமுத்தூர்ல காட்டலாம் வாங்க" என்று ஒரு சனிக்கிழமை வரவழைத்தாள். உக்கடத்தில் வந்து இறங்கினவளை டவுன் பஸ்ஸில் ஏற்றின பிறகுதான் உண்மையைச் சொன்னாள்.

மாசாணியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கண்ணு வெச்சவளைப் பாக்கறதுக்குக் கண்ணு டாக்டருன்னு பொய் சொல்லிக் கூட்டியாந்திருக்கற. நல்லா இருக்குது அம்மணி உம்படிப்பு."

"சாகப் போறாங்கம்மா."

"எம்பையன் சாகறப்ப அவனுக்கு ஒண்ணரை வயசு. அவளுக்கு அறுவது ஆகுது."

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அம்மா எழவில்லை. நடத்துநர், "ஏனுங்கம்மா, பெரியாஸ்பத்திரி கேட்டீங்களே, எறங்குங்க" என்றார். "நான் கேக்கலைங்க, எம்புள்ள கேட்டா" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

கயலுக்குச் சாயங்காலத் தீவன வேலை இருந்தது. தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மாவையும் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நோய் கொடுப்பது அடுத்த மாதம்தான் என்பதால் சுப்பையன் உள்ளே விட்டார். "மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு வாங்கக்கா. இந்தக் கோட்டைப் போட்டுக்கங்க. சித்தெ நேரந்தானுங்க, மேடம் வந்தா என்னைத் திட்டுவாங்க."

வெள்ளைக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்க மாசாணியம்மாள் உள்ளே வந்தாள். கோபம் இருந்தாலும் உயிருள்ள எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"தாயெங்க?"

"பிரிச்சாச்சும்மா. பால் மறந்த குட்டிக."

"சவலைன்னு சொல்லு, பாலுக்கு ஏங்குனதுக." அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, எலும்பும் தோலுமாக் கெடக்குதே. இதுக்குத்தான் நீ எங்கிட்டக் கஞ்சி கேட்டியா?" பிறகு அவள் குரல் மாறியது. "இங்க பாரு! இவன் மட்டும் கொழுகொழுன்னு இருக்கறான். கெட்டிக்காரன். எழிலாட்டவே."

ஏழாம் எண் குட்டி மூலையில் படுத்திருந்தது. கஞ்சித் தொட்டி பக்கத்திலேயே இருந்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. மாசாணியம்மாள் கையை நீட்டினாள். கயல் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதீங்கம்மா."

"ஏன், கடிக்குமா?"

கடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தைக்காகத்தான் கயல் வாயைத் திறந்தாள். ஆனால் தலையைக் குனிந்து முறுக்கை நீட்டும் அத்தையின் கை கண்ணுக்குள் வந்தது.

"கடிக்காதும்மா" என்றாள். பிடியை விட்டாள்.

மாசாணியம்மாள் குட்டியின் நெற்றியைத் தடவினாள். முதுகைத் தடவினாள். காலுக்கு வந்தாள். உப்பியிருந்த அந்தக் காலை ஆசையாக ஒரு விரலால் அமுக்கினாள்.

விரலை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மறுபடி பக்கத்தில் அமுக்கினாள். அங்கேயும் குழி. குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். மங்கலாகத் தெரிகிறது என்ற கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"இதை ஆரு கண்ணு வெச்சது?" என்றாள் மெதுவாக.

கயல் அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இது சதையில்லையா?"

"தண்ணிம்மா. சத்து இல்லாமப் போனா ஒடம்புல தண்ணி தேங்கிரும். பாத்தா குண்டானாப்பல இருக்கும். எடைகூட ஏறும்."

"கஞ்சியும் உப்பும்தான் குடுத்தியா?"

"நீங்க சொன்னதுதாம்மா குடுத்தேன்."

"பசின்னு கத்தலையா?"

"மொதல்ல கத்துச்சு. இந்த நெலமைக்கு வந்துட்டா கத்தாதும்மா. பசியே தெரியாமப் போயிரும்."

மாசாணியம்மாள் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தாள்.

"அழுகவே இல்ல கண்ணு அவன்" என்றாள். "ஊரெல்லாம் சொன்னேன், எம்பையன் தங்கம், பால் மறந்தும் அழுகலைன்னு. அழுகறதுக்கு அவனுக்குத் தெம்பில்லைன்னு எனக்குத் தெரியலையே. வரப்போறவளுக்குன்னு நெனச்சுத்தான் நிறுத்துனேன். ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு…"

கயல் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "என்னாலதானம்மா."

"அட சும்மா இரு. நீ வயித்துக்குள்ள என்னத்தைக் கண்ட?" முந்தானையால் மகள் முகத்தைத்தான் துடைத்தாள், தன் முகத்தைத் துடைக்கவில்லை. "இதுக்கு இப்ப நல்ல சோறு போட்டாத் தேறுமா?"

"பாதிக் குட்டிகளுக்கு இனிமே நல்ல தீவனம் மாத்துவோம்மா. எதெதுக்குன்னு முன்னாலயே குறிச்சாச்சு." கயல் குட்டியைப் பார்த்தாள். "இது அந்தப் பாதியில இல்ல."

மாசாணியம்மாள் மகளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "உம்பட வேலையும் பாவப்பட்ட வேலைதான் கண்ணு" என்றாள். எழுந்து, கோட்டைக் கழற்றி மடித்துச் சுப்பையன் கையில் கொடுத்தாள். "நட. பொழுது உழுகறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

சின்னாத்தாள் சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். நங்கையாளைக் கண்டதும் எழப் பார்த்தாள், முடியவில்லை. பின்னால் கயல் வருவதைக் கண்டதும் சடக்கென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணு, நீ அக்கட்டால போய் நில்லு."

"எதுக்கு அவளைத் தொரத்தற?" என்றாள் மாசாணியம்மாள்.

"வேண்டாமுங்க நங்கையா. எங்கண்ணு உங்களுக்குத் தெரியாததுங்களா? உங்களுக்குன்னு மிச்சம் ஒண்ணே ஒண்ணு. எழிலைப் பாத்ததுக்கப்பறம் ஆரு புள்ளையவும் நான் நேராப் பாத்ததில்லைங்க. தொட்டில் இருக்கற ஊட்டுக்குப் போகமாட்டேனுங்க. எனக்கு ஒண்ணு பொறந்திருந்தாலும் அதையும் முழுங்கியிருப்பேன், அதான் சாமி குடுக்கலைன்னு இருந்துட்டேன். ஒரு வார்த்தை கேக்கத்தான் வரச்சொன்னேன். மன்னிச்சேன்னு சொல்லிருங்க, போதும்."

கயலுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் அத்தை தரையைப் பார்த்தது கோபத்தால் இல்லை. கயலைக் காப்பாற்றத்தான்.

மாசாணியம்மாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். சின்னாத்தாளின் பாதங்கள் வீங்கி மினுமினுவென்று இருந்தன. ஒரு பாதத்தை எடுத்து மடியில் வைத்து, கட்டை விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. எழவில்லை.

"பாத்தியா? உனக்கும் உழுகுது. உன்னை ஆரு கண்ணு வெச்சா?"

சின்னாத்தாள் புரியாமல் விழித்தாள்.

"உங்கண்ணு இல்ல சின்னாத்தா. பசி. எம்பையன் பசியில செத்தான். அது வீக்கம். கொழுகொழுன்னு இருந்தான்னு நாந்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

சின்னாத்தாள் பதறிப்போய்ப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க நங்கையா! ஆராவது கேட்டா என்ன நெனைப்பாங்க? எங்கண்ணன் ஊட்டுல புள்ளை பசியில போச்சுன்னு பேரு வேண்டாமுங்க. எங்கண்ணுன்னே இருக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு. போறவ, கையோட எடுத்துட்டுப் போயிடறேன்."

"போதும் நீ சொமந்தது" என்றாள் மாசாணியம்மாள். குரலைத் தாழ்த்தவில்லை. "எறக்கி வெய்யி. நான் பெத்தவ, நான் எடுத்துக்கறேன். கயலு, இங்க வா. வந்து இவ முன்னால நில்லு. இப்பப் பாரு சின்னாத்தா. நல்லாப் பாரு."

சின்னாத்தாள் முகத்தைத் திருப்ப வெகுநேரம் ஆயிற்று. முதலில் கயலின் கையைப் பார்த்தாள், பிறகு தோளை, பிறகு இரண்டு தரம் கண்ணை மூடித் திறந்துவிட்டு முகத்தை. கயல் அசையாமல் நின்றாள்.

"மூக்கு எழிலு மூக்குங்க நங்கையா" என்றாள் சின்னாத்தாள்.

அன்றைக்கு நேரம் முடிந்து வெளியே போகச் சொல்லும்வரை மாசாணியம்மாள் அந்தக் காலை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். மார்கழி பிறப்பதற்குள் சின்னாத்தாள் போய்விட்டாள். அவளை அண்ணன் வீட்டுக்குள் கொண்டுவந்து கிடத்தி, அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

காரியம் முடிந்து கயலை பஸ் ஏற்றிவிட அம்மாவும் கூடவே பொள்ளாச்சி ரோட்டுக்கு வந்தாள். நிழற்குடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எத்தனை புள்ளைங்கக்கா?"

மாசாணியம்மாளின் முகம் பழக்கத்தில் மலரப் போயிற்று. கயல் அம்மாவையே பார்த்தாள்.

"ரெண்டுங்க" என்றாள் மாசாணியம்மாள். "மூத்தது பையன். சவலையில போயிட்டானுங்க."

அந்தப் பெண் இன்னும் ஏதோ வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு அவளும் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.